யூரோவிஷன் பாட்டுப் போட்டியும் பந்தயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் யூரோவிஷன் நெருங்கும்போதெல்லாம் "இந்த வருஷம் ஆட்ஸ் என்ன சொல்லுது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். ஒரு பாட்டைக்கூடக் கேட்காதவர்கள் பந்தயப் பட்டியலைப் பார்த்துவிட்டு, யார் ஜெயிப்பார் என்று அடித்துச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது, எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதை இங்கே சொல்கிறேன். யாரையும் பந்தயம் கட்டச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு பைசா கட்டாமல் அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தாலே போட்டியைப் பார்க்கும் சுவை கூடிவிடும்.

யூரோவிஷன் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் பாட்டுப் போட்டி. 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. நாட்டுக்கு ஒரு பாட்டு, 3 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, முக்கியக் குரல் மேடையில் நேரடியாகப் பாடப்பட வேண்டும். செவ்வாயும் வியாழனும் அரையிறுதி, சனிக்கிழமை இறுதி. பெரும்பாலும் ஜெயித்த நாடே அடுத்த வருஷம் நடத்தும். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து இஸ்ரேல் 1973இலிருந்தும் ஆஸ்திரேலியா 2015இலிருந்தும் பாடி வருகின்றன.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள்?

பந்தயம் புரிய வேண்டுமானால் முதலில் இது புரிய வேண்டும். ஒவ்வொரு நாடும் இரண்டு முறை புள்ளி தருகிறது. இசைத்துறையைச் சேர்ந்த நடுவர் குழு ஒரு தடவை, வீட்டில் இருந்து போன் போடும் மக்கள் ஒரு தடவை. இரண்டு பேரும் தங்களுக்குப் பிடித்த 10 பாட்டுகளுக்கு 12, 10, அப்புறம் 8இலிருந்து 1 வரை கொடுப்பார்கள். தன் நாட்டுக்குத் தானே போட முடியாது. இந்த இரட்டைப் புள்ளி முறை 2016இல் வந்தது. அதற்கு முன்பு நடுவர், மக்கள் இருவரின் கணக்கையும் கலந்து ஒரே புள்ளியாகக் கொடுத்தார்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம்: நடுவர்கள் சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்து மார்க் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்தே போட்டுவிடுகிறார்கள். நாம் டிவி முன்னால் உட்காரும்போது பாதிப் புள்ளிகள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். சனிக்கிழமை யாராவது அற்புதமாகப் பாடினால் அது மக்கள் வாக்கை மட்டும்தான் அசைக்கும்.

ஆட்ஸ் என்பதை எப்படிப் படிப்பது?

நீங்கள் கட்டும் பணத்துக்கு எத்தனை மடங்கு திரும்பும் என்பதுதான் ஆட்ஸ். ஒரு நாட்டுக்கு 4.00 என்று போட்டிருந்தால், 10 பவுண்டு கட்டி அது ஜெயித்தால் மொத்தம் 40 பவுண்டு வரும். பிரிட்டனின் பந்தயக் கடைகள் அதையே 3/1 என்று எழுதும்: ஒன்றுக்கு மூன்று லாபம், கட்டிய பணம் தனி.

1ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஜெயிக்கும் வாய்ப்பு என்று சந்தை நினைப்பது கிடைக்கும். 4.00 என்றால் 25 சதவீதம், 2.00 என்றால் 50. எல்லா நாடுகளுக்கும் இப்படிப் போட்டுக் கூட்டிப் பாருங்கள், 100ஐத் தாண்டும். தாண்டுகிற அந்தப் பகுதிதான் பந்தய நிறுவனத்தின் லாபம். அதனால் பட்டியலில் தெரியும் வாய்ப்பு எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் ஊதியே இருக்கும். அடிமட்டத்தில் 200, 500 என்று கிடக்கும் நாடுகளில் இந்த ஊதல் இன்னும் மோசம். "ஒரு பவுண்டுதானே, விழுந்தால் 500" என்று கட்டுவதுதான் எனக்குத் தெரிந்து மிக விலை கூடிய பந்தயம்.

ஃபேவரிட் ஜெயிக்குமா?

பல வருஷம் ஜெயித்திருக்கிறது. 2012இல் பாகுவில் ஸ்வீடனின் லொரீன், 2013இல் மால்மோவில் டென்மார்க்கின் எம்மிலி டி ஃபாரஸ்ட், 2015இல் வியன்னாவில் ஸ்வீடனின் மோன்ஸ் செல்மர்லோவ், 2019இல் டெல் அவிவில் நெதர்லாந்தின் டங்கன் லாரன்ஸ், 2021இல் ராட்டர்டாமில் இத்தாலியின் மோனஸ்கின், 2022இல் துரினில் உக்ரைனின் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா, 2023இல் லிவர்பூலில் மறுபடியும் லொரீன். இவர்கள் எல்லோரும் இறுதிப் போட்டிக்கு முன்பே பட்டியலின் தலையில் இருந்தவர்கள்.

கவிழ்ந்த கதையும் குறைவில்லை. 2016இல் ரஷ்யாவின் செர்கேய் லாசரெவ் ஃபேவரிட். மக்கள் வாக்கில் முதலிடம் வாங்கியும் மொத்தத்தில் மூன்றாவதுதான். 2017இல் மாதக்கணக்கில் முன்னால் இருந்தது இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ கப்பானி. குரங்கு வேஷம் போட்டவர் பக்கத்தில் ஆட, எல்லோரையும் எழுந்து ஆட வைத்த பாட்டு. கடைசியில் ஆறாவது இடம். ஜெயித்தவர் போர்ச்சுகலின் சால்வடார் சோப்ரால்: ஆட்டம் இல்லை, வெடி இல்லை, ஒரு மெல்லிய காதல் பாட்டு, 758 புள்ளி. 2024இல் குரோஷியா இரண்டாவது. 2025இல் சானா குளியலைப் பற்றிப் பாடிய ஸ்வீடனின் காய் குழு நான்காவது.

கவிழ்ந்த இந்தப் பாட்டுகளைத் திரும்பப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கப்பானி, குரோஷியாவின் பேபி லசான்யா, காய்: மூன்றும் கேட்டவுடன் சிரிக்க வைக்கிற, கூடப் பாட வைக்கிற பாட்டுகள். ரசிகர்கள் அவற்றைக் கொண்டாடித் தீர்த்தார்கள். யூரோவிஷனில் மாதக்கணக்கில் முன்கூட்டியே பணம் கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த ரசிகர்கள்தான் என்பது என் கணிப்பு. நடுவர் மேசையில் அந்த உற்சாகத்துக்கு அதே விலை கிடையாது. பட்டியலின் மேலே கொண்டாட்டப் பாட்டு ஒன்றைப் பார்த்தால் இந்த மூன்றையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நடுவர் முக்கியமா, மக்கள் முக்கியமா?

2016இலிருந்து 2025 வரை ஜெயித்தவர்களை வரிசையாகப் பார்ப்போம். 2017இல் சோப்ரால் இரண்டிலும் முதல். 2018இல் இஸ்ரேலின் நெட்டா, 2021இல் மோனஸ்கின், 2022இல் உக்ரைன்: மூன்றும் மக்கள் வாக்கில் முதல். 2023இல் லொரீன், 2024இல் சுவிட்சர்லாந்தின் நெமோ, 2025இல் ஆஸ்திரியாவின் ஜேஜே: மூன்றும் நடுவர் பக்கம் முதல். 2016லும் 2019லும் ஜெயித்தவர்கள் எதிலுமே முதல் இல்லை.

2016 கணக்கு அழகானது. ஆஸ்திரேலியாவுக்கு நடுவர் தந்தது 320, மக்கள் 191. ரஷ்யாவுக்கு மக்கள் தந்தது 361, நடுவர் வெறும் 130. உக்ரைனின் ஜமாலா நடுவரிடம் 211, மக்களிடம் 323, இரண்டிலும் இரண்டாவது. கூட்டினால் 534, ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491. இரண்டு பக்கமும் "பரவாயில்லை, நல்லா இருக்கு" என்று வாங்கிய பாட்டு, ஒரு பக்கம் மட்டும் தலையில் தூக்கி வைத்த இரண்டு பாட்டுகளையும் தாண்டிவிட்டது.

2023இல் லிவர்பூல் அரங்கம் முழுக்கப் பின்லாந்தின் கெரியாவுக்காகக் கத்தியது. மக்கள் அவருக்கு 376 கொடுத்தார்கள், மொத்தம் 526. லொரீன் கையில் நடுவர் தந்த 340 இருந்தது. மிச்சம் 187 வந்தால் போதும், 243 வந்தது. அன்று கெரியா தோற்றது மக்களிடம் இல்லை, முந்தின நாள் நடுவர்களிடம் வாங்கிய 150இல்.

ஆகவே ஒரு பாட்டின் விலையை, அதாவது ஆட்ஸைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, இதற்குப் பலவீனமான பக்கம் எது, அந்தப் பக்கத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான். பலமான பக்கம் எல்லோருக்கும் தெரியும், விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஒரே நாளில் ஆட்ஸ் தலைகீழாக மாறுகிறதே, ஏன்?

பெரும்பாலும் ஒத்திகையால். அதுவரை ஸ்டூடியோ ஒலிப்பதிவையும் வீடியோவையும் பார்த்துக் கட்டியவர்கள், முதல் முறையாக மேடையில் பாட்டு எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் பார்க்கிறார்கள். 2018இல் லிஸ்பனில் சைப்ரஸின் எலெனி ஃபுரேரா தலைமுடியைச் சுழற்றி ஆடிய ஒத்திகைக்குப் பிறகு, எங்கோ இருந்த சைப்ரஸ் பட்டியலின் முதலிடத்துக்கே வந்துவிட்டது. கடைசியில் இரண்டாம் இடம்.

உலக நடப்பும் மாற்றும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு உக்ரைனின் விலை மளமளவென்று இறங்கியது, அதாவது ஜெயிக்கும் வாய்ப்பு கூடிவிட்டதாகச் சந்தை நினைத்தது. மக்கள் வாக்கில் 439 புள்ளி, அதுவரை யாருக்கும் கிடைக்காத அளவு. இங்கே சந்தை சரியாகவே கணித்தது.

தகவல் கசிவதும் உண்டு. 2024இன் இரண்டாவது அரையிறுதி முடிந்ததும் இத்தாலியின் ராய் தொலைக்காட்சி தன் நாட்டு மக்கள் வாக்கின் சதவீதங்களைத் திரையில் காட்டிவிட்டது. இஸ்ரேலுக்கு 39 சதவீதத்துக்கு மேல். சில மணி நேரத்தில் இஸ்ரேல் பட்டியலில் குரோஷியாவுக்கு அடுத்த இடத்துக்குத் தாவியது. மக்கள் வாக்கைப் பொறுத்தவரை அந்தக் கசிவு பொய்யில்லை, இறுதியில் 323 வந்தது. ஆனால் நடுவர்கள் கொடுத்தது 52, ஐந்தாம் இடம். பாதிக் கேள்விக்கான பதிலை முழுப் பதிலாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

மேடை ஏறும் வரிசைக்கு ஏதாவது பலன் உண்டா?

இரண்டாவதாகப் பாடி இறுதிப் போட்டியில் ஜெயித்தவர் 2025 வரை ஒருவரும் இல்லை. ஆனால் 2013இலிருந்து வரிசையைப் பெரும்பாலும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களே அமைக்கிறார்கள். வலுவான பாட்டை அவர்கள் இரண்டாவதாகப் போடுவது அபூர்வம். எனவே இரண்டாம் இடம் பாட்டைக் கெடுக்கிறதா, வாய்ப்பில்லாத பாட்டு அங்கே போய்ச் சேர்கிறதா என்று பிரிப்பது கஷ்டம். வரிசை வெளியான இரவில் அதை மட்டும் வைத்துப் பணத்தை மாற்றிக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பக்கத்து நாட்டுக்குப் பக்கத்து நாடு போடுவார்களாமே?

போடுவார்கள். கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 கொடுப்பதைப் பார்த்து அரங்கமே கூச்சல் போடும். புலம்பெயர்ந்தவர்கள் சொந்த நாட்டுக்குப் போடுவதும் இயல்பு. இது பட்டியலின் நடுவில் இருப்பவரை நாலு இடம் தூக்கும். முதலிடத்துக்கு ஏறத்தாழ எல்லா நாட்டிலிருந்தும் புள்ளி வர வேண்டும், அதற்கு அக்கம்பக்கம் போதாது.

ஜெயிப்பவரைத் தவிர வேறு எதில் பந்தயம் கட்டுகிறார்கள்?

முதல் 5, முதல் 10, கடைசி இடம், அரையிறுதியில் தேறுவது, நடுவர் பக்கம் யார் முதல், மக்கள் பக்கம் யார் முதல், இரண்டு நாடுகளில் எது மேலே என்று பலவகை. பிரிட்டனில் பரவலானது ஈச்-வே. ஜெயிப்பதற்குப் பாதி, முதல் சில இடங்களுக்குள் வருவதற்குப் பாதி என்று பணம் பிரியும். உதாரணமாக 20/1 உள்ள நாட்டுக்கு 5 பவுண்டு ஈச்-வே என்றால் மொத்தம் 10 பவுண்டு. முதல் 4 இடத்துக்கு ஆட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு என்பது நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். நாடு மூன்றாவதாக வந்தால் ஜெயிப்புக்குக் கட்டிய 5 போச்சு. மற்ற 5க்கு 4/1 வீதம் 20 லாபம், கட்டிய பணம் 5, ஆக 25 கைக்கு வரும். எத்தனை இடம், எத்தனை பங்கு என்பது கடைக்குக் கடை மாறும், கட்டும் முன் படித்துவிட வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் என்கிறார்களே, அது என்ன?

பெட்ஃபேர் போன்ற இடங்களில் நீங்கள் நிறுவனத்தோடு மோதுவதில்லை, இன்னொரு ஆளோடுதான் மோதுகிறீர்கள். இந்த நாடு ஜெயிக்கும் என்று கட்டலாம், ஜெயிக்காது என்றும் கட்டலாம். மார்ச்சில் 20.0 விலையில் 10 பவுண்டு கட்டினீர்கள், ஒத்திகை முடிந்ததும் விலை 5.0 ஆகிவிட்டது. இப்போது அதே நாடு ஜெயிக்காது என்று 40 பவுண்டுக்கு எதிர்ப்பந்தயம் போட்டால், ஜெயித்தால் 190 வந்து 160 போகும், தோற்றால் 10 போய் 40 வரும். எப்படியானாலும் 30 மிச்சம், அதில் கமிஷன் கழியும். யூரோவிஷனில் அனுபவசாலிகள் பலர் ஜெயிப்பவரைக் கண்டுபிடிக்கப் பார்ப்பதில்லை, விலை எங்கே இறங்கும் என்றுதான் பார்க்கிறார்கள். விலை ஏறிவிட்டால் இதே வழியில் நஷ்டமும் வரும்.

போட்டி ரத்தானால், பாடகர் நீக்கப்பட்டால், புள்ளியில் தப்பு வந்தால்?

மூன்றுமே நடந்திருக்கிறது. 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2024இல் நெதர்லாந்தின் யோஸ்ட் க்ளைன் இறுதிப் போட்டி அன்றே நீக்கப்பட்டார். 2019இல் பெலாரஸ் நடுவர்களுக்குப் பதிலாகப் போட்ட புள்ளியைக் கணக்கிட்டதில் தவறு. மே 18 அன்று அறிவித்த முடிவை 22ஆம் தேதி திருத்தினார்கள், நார்வே 5இலிருந்து 6க்கு இறங்க, ஸ்வீடன் 6இலிருந்து 5க்கு ஏறியது. முதல் 5 இடத்துக்குக் கட்டியவர்களுக்கு இது நேரடியாகப் பட்ட அடி. மேடையில் அறிவித்த முடிவா, பிறகு திருத்தியதா, எதை எடுத்துக்கொள்வது என்பதும், நீக்கப்பட்டவர் மீது கட்டிய பணம் திரும்புமா என்பதும் அந்தந்த நிறுவனத்தின் விதியில்தான் இருக்கும்.

உள்ளே இருப்பவர்கள் விளையாடிவிட மாட்டார்களா?

அந்தப் பயம் நியாயமானது. சில நாடுகள் பாடகரை உள்ளுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கின்றன. சில நாடுகளின் தேர்வு நிகழ்ச்சிகள் முன்கூட்டியே ஒளிப்பதிவாகின்றன. முடிவு தெரிந்த ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதனாலேயே இந்த வகைப் பந்தயங்களில் நிறுவனங்கள் பெரிய தொகையை வாங்குவதில்லை, சந்தேகம் வந்தால் பந்தயத்தை மூடிவிடும். 2022இல் ஆறு நாடுகளின் நடுவர் வாக்குகளில் ஒழுங்கீனம் தெரிந்ததால் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அவற்றைத் தள்ளிவிட்டு மாற்றுக் கணக்கைப் போட்டது.

இந்தியாவில் இருந்து கட்டலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இணையவழிப் பந்தயத்தையும் சூதாட்டமாகவே பார்க்கிறது. ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் நாடு முழுக்கத் தடுத்துவிட்டது. டெலிகிராமில் "யூரோவிஷன் உறுதியான டிப்ஸ்" என்று வருபவர்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

பிரிட்டனில் 18 வயது ஆனவர்கள் உரிமம் பெற்ற நிறுவனங்களில் கட்டலாம். கிரெடிட் கார்டில் கட்டுவது 2020 ஏப்ரலிலிருந்து தடை. கை அரிக்கிறது, நிறுத்த முடியவில்லை என்றால், நம்மை நாமே தடுத்துக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் என்ற பதிவேட்டில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் உங்களைத் தடுத்துவிடும்.

2026இலிருந்து என்ன மாற்றம்?

2023 முதல் 2025 வரை அரையிறுதியை மக்கள் வாக்கு மட்டுமே முடிவு செய்தது. 2026 வியன்னா போட்டிக்கு அறிவித்த விதிகளில் நடுவர்கள் அரையிறுதிக்கும் திரும்புகிறார்கள். ஒருவர் போடக்கூடிய வாக்கு 20இலிருந்து 10 ஆகக் குறைகிறது. கொண்டாட்டப் பாட்டுகளும் ஒரே நாட்டுக்கு அள்ளிப் போடும் வாக்குகளும் இனி அவ்வளவு எளிதில் கரையேறாது. பழைய மூன்று வருஷ அரையிறுதிக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

இறுதி இரவில் புள்ளி வரும்போது எதைப் பார்ப்பது?

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நாடு நாடாக நடுவர் புள்ளி வரும். அப்புறம், நடுவர் பட்டியலின் அடியில் இருப்பவரில் தொடங்கி மேலே வரை, ஒவ்வொருவருக்கும் மக்கள் புள்ளியை மொத்தமாகச் சொல்வார்கள். 2019இலிருந்து இதுதான் முறை. புள்ளி சமமானால் மக்களிடம் அதிகம் வாங்கியவரே முன்னால் போவார். முன்னணியில் இருப்பவரைத் தாண்ட அடுத்தவருக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

2025 பாசெல் இரவை எடுத்துக்கொள்வோம். நடுவரிடம் 60 வாங்கிக் கீழே இருந்த இஸ்ரேலுக்கு மக்கள் 297 கொடுத்ததும் 357இல் போய் நின்றது. எஸ்டோனியா 98இல் இருந்தது, தாண்ட 260 வேண்டும், 258 வந்தது. ஒரு புள்ளியில் இரண்டாம் இடம் போய்விட்டது. ஃபேவரிட்டான ஸ்வீடன் 126. தேவை 232, வந்தது 195. மாதக்கணக்கில் ஸ்வீடன் மீது கட்டியிருந்த பணம் எல்லாம் அந்த நொடியில் முடிந்தது. நடுவர் பட்டியலில் 214 புள்ளியோடு இரண்டாவதாக இருந்தது போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்து. 144 வந்தால் முன்னணிக்குப் போயிருக்கும். மக்கள் கொடுத்தது 0. மிச்சம் ஆஸ்திரியா மட்டும்: கையில் 258, தேவை 100, வந்தது 178.